மேற்கு ஆப்பிரிக்க மர முகமூடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உலகின் மிகக் கடினமான நடனம்" என்ற தலைப்போடு ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வண்ண முகமூடி போட்ட ஒருவர் ஆடுகிறார். இடுப்புக்கு மேலே அதிக அசைவில்லை. கால்கள் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி தரையைக் குத்துகின்றன, புழுதி கிளம்புகிறது. வருகிற கேள்விகளில் பாதி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்பவை. மீதிப் பாதி, ஹால் சுவரில் மாட்டுவதற்காக வாங்கிய மர முகத்தைப் பற்றியவை. இரண்டுக்கும் சேர்த்தே இந்தப் பக்கம்.

அந்த வீடியோவில் இருப்பது என்ன ஆட்டம்?

ஸாவுலி. ஐவரி கோஸ்ட் நாட்டின் நடுப்பகுதியில் புவாஃப்லே, ஸுவேனூலா ஊர்களைச் சுற்றி வாழும் குரோ மக்களின் ஆட்டம். ஆயிரம் வருடப் பழமை என்றெல்லாம் தலைப்புப் போடுவார்கள். அவ்வளவு பழசு இல்லை, 1950-களில் உருவானது. முகமூடியில் இருப்பது ஓர் இளம்பெண்ணின் முகம்: பாதி மூடிய கண், சின்ன வாய், பளிச்சென்ற வண்ணம், நெற்றிக்கு மேலே பாம்போ பறவையோ. உள்ளே ஆடுகிறவர் ஆண். பெண்ணின் அழகுக்குச் செய்யும் மரியாதை இது. 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

அடுத்த முறை பார்க்கும்போது சத்தத்தை வைத்துப் பாருங்கள். கால் தன் பாட்டுக்கு ஓடவில்லை, மேளத்தோடு பேசிக்கொண்டு ஓடுகிறது. மேளம் நிற்கிற அடியில் காலும் நிற்கும். சினிமாப் பாட்டை ஒட்டி அனுப்பும் வீடியோக்களில் இதுதான் காணாமல் போகிறது.

'ஆப்பிரிக்க முகமூடி' என்று பொதுவாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ஒன்றும் விளங்காது. ஆப்பிரிக்க மக்கள் எல்லோருக்கும் முகமூடி மரபு இருக்கிறது என்பதில்லை. கென்யாவின் மசாய் மக்களுக்கு இந்த மரபே இல்லை. 'மசாய் முகமூடி' என்று கடையில் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குள்ளேயே கானாவின் அசாந்தே மக்கள் தங்கம் நிறுக்கும் பித்தளை எடைகளுக்கும் மர முக்காலிகளுக்கும் பேர்போனவர்கள், முகமூடிக்கு அல்ல. சியரா லியோன், கினி, லைபீரியா, ஐவரி கோஸ்ட், மாலி, புர்கினா பாசோ, பெனின், நைஜீரியா என்று நீளும் பட்டையில்தான் மர முகமூடி செழித்தது. அதிலும் மக்களுக்கு மக்கள் வேறு. அடுத்தடுத்த இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே வகை முகத்தை வேறு வேறு வேலைக்கு வைத்திருப்பார்கள்.

முகமூடி என்றால் முகத்தை மூடுவதுதானே?

எல்லாம் அப்படி இல்லை. சில முகத்தின் மேல் வரும். சில பானையைக் கவிழ்த்த மாதிரி தலை முழுவதையும் மூடித் தோள்வரை இறங்கும். சில தொப்பி போல உச்சியில் உட்காரும், முகத்தைத் துணி மறைக்கும்.

மாலியின் பமனா உழவர்களின் சிவாரா மூன்றாம் வகை. (பெயரைப் பார்த்துச் சிவனோடு முடிச்சுப் போட வேண்டாம். 'சி' என்றால் உழவு, 'வாரா' என்றால் காட்டு விலங்கு.) மனிதனுக்கு மண்ணைக் கிளறி விதைக்கக் கற்றுக்கொடுத்த விலங்கு அது என்பது அவர்கள் கதை. பின்னிய கூடைத் தொப்பியின் மேல் மான் கொம்பு வானம் பார்த்து நிற்கும். ஆணும் பெண்ணுமாக ஜோடியாகத்தான் வரும். பெண் மானின் முதுகில் குட்டி இருக்கும். ஆடுகிறவர்கள் இரண்டு கையிலும் குச்சி ஊன்றி, களை வெட்டுகிறவர் போலக் குனிந்தே ஆடுவார்கள்.

நாம் 'முகமூடி' என்று எதைச் சொல்கிறோமோ அது பாதிகூட இல்லை. மர முகம், அதிலிருந்து தொங்கும் நார் ஆடை, ஆடுகிறவரின் உடல், மேளம், அழைக்கும் பாட்டு, வந்து நிற்கும் ஆவி எல்லாம் சேர்ந்ததுதான் அது. அருங்காட்சியகத்தில் ஒரு முகமூடியின் பின்பக்கத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். ஆடையைக் கட்டிய துளைகள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது தலை மட்டும். உடலைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

யார் செதுக்குகிறார்கள்? எப்படி?

பல இடங்களில் கொல்லர்கள். இரும்பை உருக்குகிறவனுக்கு ஆவிகளைக் கையாளும் தெம்பும் உண்டு என்பது பமனா, செனுஃபோ ஊர்களின் நம்பிக்கை. மாலியின் டோகோன் மக்களிடம் கதை வேறு: ஆடப் போகிற இளைஞர்களே ஊருக்கு வெளியே மறைவாக உட்கார்ந்து தங்கள் முகமூடியைச் செதுக்கிக்கொள்வார்கள்.

முக்கியக் கருவி வாச்சி. நம் தச்சர்கள் கையில் இருக்கும் அதே வகைக் கருவி. பெரிய வாச்சியால் கட்டையின் உருவம் இறக்கி, சின்ன வாச்சியால் மூக்கும் நெற்றியும் எடுத்து, கடைசியில் கத்தியால் கோடு போடுவார்கள். ஒட்டு வேலை அரிது, பெரும்பாலும் ஒரே கட்டை. பச்சை மரத்தில்தான் வேலை, வாச்சி இறங்க அது சுலபம். உப்புத்தாளுக்குப் பதில் சொரசொரப்பான ஒரு காட்டு அத்தி இலையால் தேய்த்து மழுப்புவார்கள்.

புர்கினா பாசோவின் புவா மக்கள் எடுத்துக்கொள்ளும் மரம் நமக்கும் தெரிந்தது: தலையணைக்குப் பஞ்சு தரும் இலவம். லேசான மரம். முகத்துக்கு மேலே ஆளுயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டுமே, கனமான மரத்தில் செய்தால் கழுத்து தாங்காது. ஆனால் இலவத்தைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து ஆட்டக் காலம் வருவதற்கு முன்னால் முகமூடிகளை ஆற்றிலோ சதுப்புக் குட்டையிலோ சில வாரங்கள் ஊறப்போடுவார்கள். பூச்சி சாகும். சிவப்பும் வெள்ளையும் கரைந்து போகும். வெளியே எடுத்துக் காயவைத்துப் புதிதாக வண்ணம் அடிப்பார்கள். சிவப்புக்குக் காவி போன்ற இரும்புக் கல். வெள்ளைக்குப் பல்லி, ஓணான் எச்சம் (ஆமாம், எச்சம்தான்). கறுப்புக்குக் கருவேலங்காயைத் தார் போலக் குழம்பும்வரை காய்ச்சுவார்கள். நம் கண்மாய்க் கரையில் நிற்கிற அதே கருவேலம். இந்தக் கறுப்பு மட்டும் தண்ணீரில் கரையாது. அதனால் பழைய முகமூடியில் கறுப்பு அடுக்கடுக்காக ஏறித் தடித்திருக்கும்.

அந்தக் கட்டங்களுக்கும் கோடுகளுக்கும் பொருள் உண்டா?

உண்டு. ஆனால் ஒரே பொருள் இல்லை. புவா பலகையில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரும். பெரியவர்கள் உட்காரும் ஆட்டுத்தோல் பல வருடப் புகையில் கறுத்திருக்கும்; புதிதாகப் பருவச் சடங்கு முடித்த பையனுக்குக் கொடுக்கும் தோல் வெள்ளையாக இருக்கும். அறிந்தவரும் அறியாதவரும் அடுத்தடுத்த கட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். சடங்குக்குப் புதிதாக வந்த பையனுக்கு இவ்வளவு சொல்வார்கள். அவன் வளர வளர அதே கட்டத்துக்கு வேறு பொருளும் சொல்வார்கள். 'இந்தக் குறிக்கு இதுதான் அர்த்தம்' என்று பட்டியல் போடும் இணையப் பக்கங்களை நம்பாமல் இருப்பது நல்லது.

எல்லா முகமூடியும் பூசைக்கும் சாவுக்கும்தானா?

இல்லை, தீயணைப்புக்கும் உண்டு.

லைபீரியா - ஐவரி கோஸ்ட் எல்லையில் வாழும் டான் மக்களின் கதையே தனி. அவர்கள் கணக்கில் காட்டில் உருவமில்லாத ஆவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஊருக்குள் வர ஆசை வந்தால் ஒருவர் கனவில் தோன்றி, எனக்கு இப்படி ஒரு முகம் செய், இப்படி உடுத்து, இந்தக் கொட்டு அடி என்று கேட்கும். அவர் பெரியவர்களிடம் போய்ச் சொல்லி அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் முகம் செதுக்குவார்கள். அப்படி வந்த ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு வேலை. பாதி மூடிய கண்ணோடு சாந்தமான முகம் சடங்குக் குடிலில் இருக்கும் பையன்களுக்கு ஊரிலிருந்து சோறு வாங்கிப் போகும். அகலமான வட்டக் கண் வைத்த இன்னொன்று ஓட்டப்பந்தய முகமூடி. துரத்திப் பிடிக்க நன்றாகக் கண் தெரிய வேண்டும், அதனால் வட்டம்.

அதே வட்டக் கண்ணோடு சிவப்புத் துணி சுற்றி வருவது தீக்காவல் முகமூடி. கோடையில் பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும். கூரை வீடுகள், ஒரு பொறி போதும். காற்று எழுவதற்கு முன்னால் இது வீடு வீடாக ஓடி அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கும். அணையாவிட்டால் திட்டு, சட்டி பானை உருளும், குச்சியடியும் விழும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால் சண்டை வரும். முகமூடி வந்தால் யார் சண்டை போடுவது?

பெண்கள் முகமூடி அணிவதே இல்லையா?

ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஆண்கள்தான். பெரிய விலக்கு சியரா லியோனும் லைபீரியாவும். அங்கே மெண்டே, கோலா, வை மக்களிடையே பெண்களுக்கென்றே சாண்டே என்ற சங்கம் உண்டு (போண்டோ என்றும் சொல்வார்கள்). அதன் தலைவியர் அணிவது சோவெய் முகமூடி. செதுக்குவது ஆண்கள், அணிவது பெண்கள் மட்டும்.

முகமூடி கறுகறுவென்று மின்னும், அப்போதுதான் ஆற்றிலிருந்து எழுந்த மாதிரி. நீரின் ஆவி என்பதால் அந்த மினுமினுப்பு. முன்பு இலைச்சாறும் எண்ணெயும், இப்போது ஷூ பாலிஷ். அகன்ற நெற்றி, தாழ்ந்த இமை, புறம் பேசாத சின்ன வாய். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வளையம்: சிலருக்கு அது நல்ல சதைப்பிடிப்பு, செழிப்பு, சிலருக்கு நீரிலிருந்து தலை மேலே வரும்போது பரவும் அலை. தலைப்பின்னலில்தான் தச்சர் தன் கைவரிசையைக் காட்டுவார். ஆங்கிலேயரின் நெட்டைத் தொப்பியைச் சூட்டிய சோவெய்களும் உண்டு.

இந்த அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் தாண்டிப் போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சாண்டே பருவச் சடங்கில் பெண்ணுறுப்பைச் சிதைப்பதும் சேர்ந்தே வந்திருக்கிறது. கத்தி இல்லாமல் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று அந்த நாட்டுப் பெண்களே போராடி வருகிறார்கள். முகமூடியின் பளபளப்பைப் பார்க்கும்போது இதையும் மறக்காமல் இருப்பதுதான் நேர்மை.

பெண்களை வணங்க ஆண்கள் பெண் வேடம் போடும் ஆட்டம் ஒன்று உண்டாமே?

கெலெடே. நைஜீரியாவின் தென்மேற்கு, பெனின், டோகோ பகுதிகளில் வாழும் யொரூபா மக்களுடையது. 'நம் தாய்மார்கள்' என்று அவர்கள் சொல்வது மூதாட்டிகளையும் ஆதித்தாயையும் சேர்த்து. பிள்ளை தருவதும் அவர்கள்தான், கோபம் வந்தால் பறிப்பதும் அவர்கள்தான். அவர்களைக் குளிர்விக்க ஆட்டம். அறுவடைக்குப் பின் நடக்கும். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் நடக்கும்.

இரவில் எஃபே. சொல்லுக்கே கிண்டல் என்றுதான் பொருள். முகமூடி அணிந்த பாடகர் முதலில் தாய்மாரை வணங்கிவிட்டு, அப்புறம் ஊரை ஒரு பிடி பிடிப்பார். கஞ்சன், ஊழல் தலைவர், அடுத்தவர் மனைவியைப் பார்ப்பவர் என்று யாரும் தப்ப முடியாது, யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

பகலில் ஜோடி ஜோடியாக ஆட்டம். முகமூடி உச்சந்தலையில் சற்றுச் சாய்ந்து உட்காரும். ஆடுகிறவர் கீழே தொங்கும் துணி வழியாகத்தான் பார்ப்பார். உடுத்தும் துணிகளில் பல, ஊர்ப் பெண்களிடம் கடன் வாங்கிய தலைத்துண்டுகள். மார்பும் இடுப்பும் பெரிதாகத் தெரிய உள்ளே அடைசல். கணுக்காலில் கனத்த இரும்புச் சலங்கை. மரத்தில் கீழ்ப்பாதி அமைதியான பெண்முகம், அதன் தலைக்கு மேலே ஒரு தெருக்கூட்டமே நிற்கும்: பாம்பைக் கொத்தும் பறவை, சந்தைக்காரி, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள், விமானம். கெலெடேயைக் கண்ட கண் காட்சியின் எல்லையைக் கண்டது என்பது யொரூபாப் பழமொழி. 2001-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் அரிய மரபு என்று அறிவித்தது.

டோகோன் முகமூடி 60 வருடத்துக்கு ஒருமுறைதான் வருமா?

இரண்டு சடங்குகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மாலியின் பாண்டியாகரா செங்குத்துப் பாறைச் சரிவில் வாழும் டோகோன் மக்களுக்கு டாமா என்று ஒன்று உண்டு. இறந்தவர்களின் ஆவியை ஊரைவிட்டு மூதாதையரிடம் அனுப்பிவைக்கும் சடங்கு. செலவு அதிகம், அதனால் சில வருடங்களுக்குச் சேர்த்து நடத்துவார்கள். கனாகா முகமூடி ஆடுவது இதில்தான்: இரண்டு குறுக்குச் சட்டம் வைத்த உயரமான மரம். ஆடுகிறவர் இடுப்பிலிருந்து சுழன்று, அந்த மரத்தின் நுனி மண்ணைத் தொடும்படி வீசி, உடனே நிமிர்வார். கொஞ்சம் பிசகினால் கழுத்து போகும்.

60 வருடக் கணக்கு சிகி விழாவுக்கு. ஊர் ஊராகப் பல வருடம் நகர்ந்துபோகும் விழா அது. கடைசியாக 1967 முதல் 1973 வரை நடந்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2027-இல் தொடங்க வேண்டும். சிகிக்காகச் செதுக்கும் 'பெரிய முகமூடி' பல மீட்டர் நீளம். அதை யாரும் அணிவதில்லை.

ஆடுகிறவருக்குச் சாமி வருமா?

பொதுவாக நாம் நினைக்கிற மாதிரி தன்னை மறந்து ஆடுவது இல்லை. பாட்டு, அடி, நடை எல்லாம் பல வருடம் பழகியவை, நினைவோடு செய்பவை. ஆனால் அந்த நேரத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. உள்ளே யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், யாரும் சொல்லமாட்டார்கள்.

செதுக்கியவர் பெயர் ஏன் எங்குமே இல்லை?

வாங்கிப்போனவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் கேட்டவர்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. நைஜீரியாவின் மேக்கோ ஊரில் டூகா என்ற கெலெடேத் தச்சரோடு 1950-இல் கூடவே தங்கி வேலையைக் குறித்துக்கொண்டவர் வில்லியம் பாஸ்கம் என்ற அமெரிக்க மானிடவியலாளர்.

எனக்குப் பிடித்தது ஐவரி கோஸ்டின் பவுலே மக்களின் உருவப்பட முகமூடி. ஊரில் ஒரு குறிப்பிட்ட ஆளை நினைத்தே செதுக்குவார்கள். 1913 வாக்கில் ஓவி கிமு என்ற தச்சர் மோயா யான்சோ என்ற பெண்ணின் முகத்தைச் செதுக்கினார். கணவர் அந்த முகத்தை அணிந்து ஆட, மோயா யான்சோவும் கூடவே ஆடினார். அந்த மர முகத்தை அவர்கள் அவருடைய 'பெயர்த்துணை' என்று சொல்வார்கள்.

ஓவியர் பிக்காசோவுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

1907-இல் பாரிஸின் ட்ரோகாடெரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகங்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். அவர் வைத்திருந்த, மேற்கு ஆப்பிரிக்காவின் கிரெபோ மக்களின் முகமூடி ஒன்றில் கண்கள் குழியாக இல்லாமல் குழாய் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1912-இல் அவர் செய்த கித்தார் சிற்பத்தின் துளையும் அப்படியே வெளியே நீட்டியிருக்கும். அவர் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். முகமூடிக்காரர்கள் கதைதான் பாக்கி.

நான் வாங்கியது அசலா?

அநேகமாகச் சந்தைக்குச் செய்ததாக இருக்கும். அது தப்பில்லை. சந்தைக்குச் செய்தது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான கைவேலை. புதுசைப் புகையில் காட்டி, மண்ணில் புதைத்து, கறையான் அரிக்க விட்டு 'பழசு' என்று விற்பதுதான் பிரச்சினை.

புரட்டிப் பாருங்கள். ஆடிய முகமூடியில் நெற்றியும் கன்னமும் உரசும் இடம் வியர்வையில் வழவழப்பாகியிருக்கும், மற்ற இடம் அப்படி இருக்காது. ஓரத் துளைகள் கயிறு இழுபட்டுத் தேய்ந்திருக்கும். முகத்தில் வைத்தால் கண் துளை வழியாகப் பாதை தெரிய வேண்டும். உள்ளும் புறமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது பாலிஷ் டப்பாவின் வயது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போலி செய்பவர்களும் உண்டு, வல்லுநர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

உல்டாவாகவும் நடக்கும். பிரான்ஸில் ஒரு வயதான தம்பதி வீட்டை ஒழிக்கும்போது ஒரு முகமூடியை 150 யூரோவுக்கு விற்றார்கள். 2022-இல் அது ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. வழக்குப் போட்டுத் தோற்றார்கள். (அது கேபன் நாட்டு ஃபாங் முகமூடி, மத்திய ஆப்பிரிக்கா.) கேபன் அரசும் அது எங்களுடையது என்று வந்து நின்றது.

அருங்காட்சியகங்களுக்கு இவை எப்படிப் போயின?

வாங்கியதும் உண்டு, பரிசாகப் பெற்றதும் உண்டு, பறித்ததும் உண்டு. 1931-இல் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்களின் டக்கார் - ஜிபூட்டி ஆய்வுப் பயணத்தில் மாலியில் கோனோ என்ற ரகசியச் சங்கத்தின் வழிபாட்டு இடங்களிலிருந்து புனிதப் பொருட்களை எடுத்தார்கள். போலீஸைக் காட்டி மிரட்டி, 10 பிராங்கைக் கையில் திணித்து. இதை வெளியே சொன்னது குழுவின் செயலர் மிஷேல் லெரிஸ்தான். தன் நாட்குறிப்பில் எழுதி 1934-இல் அச்சிட்டார். 2021-இல் பிரான்ஸ் 26 அரச பொருட்களைப் பெனின் நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது. மற்றவை பெரும்பாலும் இன்னும் திரும்பவில்லை.

இப்போதும் ஆடுகிறார்களா? போய்ப் பார்க்கலாமா?

ஆடுகிறார்கள். புர்கினா பாசோவின் டெடுகு ஊரில் 1996 முதல் முகமூடித் திருவிழாவே நடக்கிறது, சுற்றுநாட்டு முகமூடிகளும் வரும். இலை முகமூடிகளைப் பார்க்கவும் அதுதான் இடம். உடல் முழுக்கப் பச்சை இலை சுற்றியவை. மரமெல்லாம் பிறகு வந்தது, இலைதான் பழசு என்பது புவா ஊர்களில் அவற்றை வைத்திருப்போர் வாதம். ஆனால் மாலியிலும் புர்கினாவிலும் கலவரம் ஓயவில்லை, இப்போது கிளம்பிப் போகிற இடமில்லை. கெலெடே பார்க்க வேண்டுமென்றால் பெனினில் கேத்துப் பக்கம்.

போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். சில முகமூடிகளைப் பெண்கள் பார்க்கக் கூடாது, சில வரும்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கையில் குச்சியோடு ஒன்று உங்களைப் பார்த்து ஓடிவந்தால் ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் ஓடுங்கள்.